வலி வருவதற்கு முன்பே சொல்லப்பட வேண்டியவை

பிரசவத்தைப் பற்றிப் பேச வருகிறவர், தமிழ்நாட்டில் நின்றுகொண்டு, முதலில் ஒரு சாதனையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்த மாநிலத்தில் நடக்கும் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும்தான் நடக்கின்றன. 2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியா முழுவதற்கும் 97 தாய்மார்கள் இறந்தார்கள் என்றால், தமிழ்நாட்டில் 54 பேர். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர்கள், 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது. அந்த உழைப்பை எந்த விமர்சனமும் சிறுமைப்படுத்திவிடக் கூடாது. ஆனால் அதே தேசிய ஆய்வு வேறொன்றையும் சொல்கிறது. இங்கே நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. தனியார் மருத்துவமனைகளில் 63.8. கர்ப்பிணியை மருத்துவமனை வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பதில் நாம் வென்றுவிட்டோம். உள்ளே என்ன நடக்கப்போகிறது என்பதை அவளுக்குச் சொல்வதில் இன்னும் வெல்லவில்லை. அப்படிச் சொல்வதைப் பலரும் ஒரு கூடுதல் கரிசனமாக நினைக்கிறார்கள். அது மருத்துவத்தின் ஒரு பகுதியே என்று நிறுவுவதுதான் என் நோக்கம்.

பத்து மாதங்களில் ஒரு கர்ப்பிணிக்கு எவ்வளவோ சொல்லப்படுகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை இருக்கிறதா, ஸ்கேனில் குழந்தையின் எடை என்ன, இரும்புச்சத்து மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும், என்ன சாப்பிடலாம், எது கூடாது என்று அட்டை நிரம்புகிறது. ஆனால் வலி தொடங்கியதிலிருந்து குழந்தை கைக்கு வரும்வரை உள்ள அந்த நேரத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. அந்த இடத்தைச் சினிமா நிரப்புகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் அலறல், விரையும் வண்டி, மூடும் கதவு, வாசலில் உலாத்தும் கணவன், உடனே குழந்தையின் அழுகை. இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மிச்சத்தை அக்கம்பக்கத்துக் கதைகள் நிரப்புகின்றன. இவற்றால் நேரும் பெரிய கேடு பயம் மட்டுமல்ல. நேரத்தைப் பற்றிய தவறான கணக்கு. இயல்பாக நடந்துகொண்டிருக்கும் பிரசவமும், இந்தக் கணக்கை வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தாமதமாகத் தெரிகிறது. தாமதம் என்று தோன்றிவிட்டால் கத்தி வெகுதூரத்தில் இல்லை.

நேரத்தைப் பற்றிய இந்தக் குழப்பம் குடும்பங்களுக்கு மட்டும் உரியதல்ல. மருத்துவமே அதில் நெடுங்காலம் இருந்தது. 1950களின் நடுவில் நியூயார்க்கில் இமானுவேல் ஃபிரீட்மன் என்ற மருத்துவர், கர்ப்பப்பையின் வாய் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு திறக்கிறது என்பதை வரைபடமாக்கினார். அவருடைய வளைகோடு உலகெங்கும் பாடமாயிற்று. 1972இல் ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் மணிக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவில் ஓர் எச்சரிக்கைக் கோடு வகுத்தார்கள். மருத்துவ வசதி குறைந்த இடங்களில் ஆபத்தான பிரசவத்தைக் காலத்தோடு கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்ப அது உதவியது. ஆனால் எச்சரிக்கைக்காகப் போட்ட கோடு நாளடைவில் கட்டளையாக மாறியது. 2010இல் ஜுன் ஜாங் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவின் 19 மருத்துவமனைகளில் 62,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டரிலிருந்து 5க்குத் திறக்கச் சிலருக்கு 6 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், அதற்குப் பின்னும் அவர்கள் நல்லபடியாகப் பெறுகிறார்கள் என்று தெரியவந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிரக் கட்டம் தொடங்குவதாகக் கொள்ள வேண்டும். மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பது மட்டுமே வலியை முடுக்கவோ அறுவைக்கோ காரணமாகாது. அறிவியல் தன் கணக்கைத் திருத்திக்கொண்டுவிட்டது. அந்தத் திருத்தம் கர்ப்பிணியின் காதுக்கும் அவள் அம்மாவின் காதுக்கும் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் எதைச் சொல்ல வேண்டும்? தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். கடைசி வாரங்களில் வயிறு இறுகி இறுகித் தளரும். நம் வீடுகளில் இதைச் சூட்டு வலி என்பார்கள். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஓய்வெடுத்தாலோ கொஞ்சம் நடந்தாலோ அது அடங்கிவிடும். உண்மையான வலி அடங்காது. இடைவெளி குறையும், நீளம் கூடும், வலு ஏறும். ஆனால் அதன் முதற்கட்டம் மிக மெதுவானது. பல மணி நேரம் நீளலாம். அதற்கென்று பொதுவான வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. இந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம், எளிதாகச் செரிக்கும் உணவு சாப்பிடலாம், நடக்கலாம், தூங்க முடிந்தால் தூங்கலாம். தீவிரக் கட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு முறை வலி வரும். ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் நிற்கும். முதுகிலோ அடிவயிற்றிலோ மெல்லத் தொடங்கி, உச்சிக்குப் போய், தானாகவே வடிந்துவிடும். அடுத்த வலி வரும்வரை உடம்புக்கு உண்மையான ஓய்வு உண்டு. வலி இடைவிடாத ஒன்று என்று நினைத்திருந்தவள் அந்த ஓய்வில்கூட உடம்பை இறுக்கிக்கொண்டே இருப்பாள். இடைவெளி வரும் என்று அறிந்தவள் அதில் மூச்சு வாங்கிக்கொள்வாள். முதல் பிரசவத்தில் இந்தத் தீவிரக் கட்டம் பெரும்பாலும் 12 மணி நேரத்தைத் தாண்டாது. அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டாது. காத்திருத்தலைப் பற்றிச் சொல்லும் அதே மூச்சில், எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பனிக்குடம் உடைந்தால், அதிலும் நீர் பச்சையாக வந்தால், ரத்தப்போக்கு இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், கடும் தலைவலியோ கண் மங்கலோ வலிப்போ வந்தால், வலியின் கணக்கைப் பார்க்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கர்ப்பிணிகளுக்குச் சொல்ல அனுமதி உண்டு என்றால், கர்ப்பப்பை வாய் ஏறக்குறைய முழுவதும் திறக்கப்போகும் கட்டத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். 8 சென்டிமீட்டருக்கும் 10 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட நேரம் அது. வலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும். பலருக்குக் கைகால் நடுங்கும். குமட்டும், வாந்தி வரும். உடம்பு ஒரு நேரம் கொதிக்கும், ஒரு நேரம் குளிரும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் கையைத் தட்டிவிட்டு, "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுங்க" என்று கதறுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். பார்க்கிறவர்களுக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். கதவுக்கு வெளியே நிற்கும் அம்மா, "பிள்ளை துடிக்கிறாளே, ஏதாவது செய்யக் கூடாதா" என்று செவிலியரைப் பிடித்துக்கொள்வார். தாயும் சேயும் நலமாக இருக்கும்போது இந்தக் கதறல் ஒரு முடிவு நெருங்குவதன் அடையாளம். முக்க வேண்டிய கட்டம் பக்கத்தில் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். இதை ஏற்கெனவே கேட்டிருந்த பெண்ணுக்கு, "இதைத்தான் சொன்னேன், கரைக்கு வந்துட்டே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்டிராத பெண்ணுக்கு அதே நேரம் அறுவைக்குக் கையெழுத்துப் போடும் நேரமாகிவிடுகிறது.

பிறகு முக்கும் கட்டம். மலம் கழிக்க வேண்டும் போன்ற அழுத்தம் வரும். சில வேளை கொஞ்சம் மலமும் வெளியேறும். அது பலருக்கும் நேர்வது, வெட்கப்பட ஏதுமில்லை என்று முன்பே சொல்லாவிட்டால் வெட்கத்திலேயே அடக்கிக்கொள்ளும் பெண்கள் உண்டு. முதல் பிரசவத்தில் இந்தக் கட்டம் 3 மணி நேரம் வரையும், அடுத்தவற்றில் 2 மணி நேரம் வரையும் ஆகலாம். மல்லாந்து படுத்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை. ஒருக்களித்தோ நிமிர்ந்தோ தனக்கு வாகான நிலையில் பெறலாம். எல்லோருக்கும் எனிமா, எல்லோருக்கும் சவரம், எல்லோருக்கும் பிறப்புறுப்பை வெட்டித் தையல், வயிற்றை மேலிருந்து அமுக்குதல் ஆகிய எதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. குழந்தை பிறந்ததும் தாயின் மார்போடு தோல் ஒட்டக் கிடத்த வேண்டும். ஒரு நிமிடமாவது கழித்தே தொப்புள்கொடியை வெட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். இத்தோடு எல்லாம் முடிந்ததென்று வாசலில் இனிப்பு கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மருத்துவக் கண்ணோட்டத்தில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் நஞ்சு விழும். ரத்தப்போக்கு 500 மில்லியைத் தாண்டினால் அது ஆபத்து. அந்தப் போக்கைத் தடுக்கத்தான் குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி எதற்கு என்று தெரிந்த தாய் அதை மறுக்க மாட்டாள். எவ்வளவு ரத்தம் போனால் குரல் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த துணைப்பெண், செவிலியர் அடுத்த கட்டிலில் இருக்கும்போது ஓர் உயிரைக் காப்பாற்றிவிட முடியும்.

இப்படியெல்லாம் தெரிந்துவைத்திருப்பதால் பிரசவம் உண்மையிலேயே மாறுமா என்ற கேள்விக்குச் சான்று வேண்டும். வலுவான சான்று, பிரசவத்தின்போது பெண்ணுக்கு இடைவிடாத துணை இருப்பதைப் பற்றிய ஆய்வுகளில் இருக்கிறது. 2017இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கூடவே ஒருவர் இருந்து தேற்றி, நடப்பதை விளக்கிக்கொண்டிருந்தபோது, சிசேரியன் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. பிரசவ நேரமும் சராசரியாக 40 நிமிடம் அளவுக்குக் குறைந்தது. பிரசவ அனுபவத்தைக் கசப்பாக நினைத்தவர்களும் குறைவு. இதற்கு உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பது ஆக்சிடோசின். பயம் வந்தால் சுரக்கும் அட்ரினலின் அதன் வேலைக்குத் தடையாகலாம். பயம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மேலும் பயத்தைக் கூட்டுகிறது என்று இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1940களிலேயே எழுதினார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் துணையையும் மறைவையும் மரியாதையான நடத்தையையும் பிரசவ அறைத் தரத்தின் அளவுகோல்களாக வைத்தது. திட்டம் சரியானது. ஆனால் துணையாக உள்ளே வரும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால், அவர் கூட எடுத்துவருவது தன் பயத்தைத்தான். துணைக்குச் சொல்லிக்கொடுக்காமல் துணையை அனுமதிப்பது பாதி வேலை.

இன்னொரு சான்று நம் ஊரைப் பற்றியதே. மானுடவியலாளர் சிசிலியா வான் ஹோலன் 1990களில் தமிழ்நாட்டின் ஏழைப் பெண்களிடையே பிரசவத்தை ஆராய்ந்து எழுதிய நூல் 2003இல் வெளிவந்தது. வலியை விரைவுபடுத்தும் மருந்து இங்கே எவ்வளவு பரவலாகப் பயன்பட்டது, பெண்களும் குடும்பங்களுமே அதை எப்படி விரும்பிக் கேட்டார்கள் என்பதை அதில் விரிவாகக் காட்டுகிறார். மருத்துவரின் அவசரம், படுக்கைக்கான நெருக்கடி ஆகியவற்றோடு குடும்பத்தின் எதிர்பார்ப்பும் கலந்துதான் ஒரு தலையீடு பிறக்கிறது. வலியை விரைவுபடுத்தும் அந்த ஊசி தேவையான இடத்தில் அருமையான மருந்து. ஆனால் அது போடப்பட்டால் குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். வலி வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கும். "எதுக்காகப் போடுறீங்க, போடாம இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமா, போட்டா எதைக் கவனிப்பீங்க" என்று கேட்கத் தெரிந்த குடும்பம் மருத்துவருக்குத் தொல்லை தருவதில்லை. காத்திருக்க விரும்பும் மருத்துவருக்கு அதுவே பக்கபலம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எளிதில் தள்ளிவிடக் கூடியவை அல்ல. முதல் வாதம், இதையெல்லாம் சொன்னால் பெண் பயந்துவிடுவாள் என்பது. பயம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் பேசாமல் இருப்பதால் அது குறைவதில்லை. உருவம் இல்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான். எது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், எப்போது உதவி கேட்கலாம் என்று தெரிந்த பயத்தைத் தாங்க வழி உண்டு. ஆபத்துகளை மட்டும் அடுக்கிவிட்டு எழுந்துபோனால் நிச்சயம் பயப்படுவாள். அது சொல்கிற முறையின் பிழை. ஒவ்வொரு ஆபத்துக்கும் அதற்குள்ள மருந்தையும் வழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது வாதம், வலியைப் பற்றித் தெரிந்துகொண்டால் பெண்கள் நேராகச் சிசேரியனையே கேட்பார்கள் என்பது. அப்படிக் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வலியை மட்டுமே கேள்விப்பட்டு, அறுவையின் பின்விளைவைக் கேள்விப்படாததால் கேட்கிறார்கள். குறுக்காகக் கிடக்கும் குழந்தைக்கும், கர்ப்பப்பை வாயை மறைத்து நிற்கும் நஞ்சுக்கும், மூச்சுத் திணறும் சிசுவுக்கும் சிசேரியன் உயிர்காக்கும் சிகிச்சை; அதில் தயக்கம் காட்டுவது குற்றம். ஆனால் ஒரு சமூகத்தில் சிசேரியன் நூற்றுக்கு 10ஐத் தாண்டிய பிறகு, அதனால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தேவையற்ற ஓர் அறுவைக்குப் பிறகு தேற அதிக நாள் ஆகும். அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்பின்மேல் நஞ்சு ஆழப் பதிந்து ஆபத்தாகும் வாய்ப்பு கூடும். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும் பல குடும்பங்கள் உடைந்துபோகின்றன. நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் கொடி சுற்றியிருப்பது இயல்பு என்றும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை கேடின்றி முடிகின்றன என்றும் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும், உறுப்புகள் முழுமையாக வளரும்முன் குழந்தையை வெளியே எடுத்தால் அது மூச்சுக்குத் திணறக்கூடும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வழிகளையும் முழுதாகக் கேட்ட பிறகு ஒரு பெண் அறுவையைத் தேர்ந்தால் அது அவள் முடிவு. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எடுத்ததை முடிவு என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வாதம், அரைகுறை அறிவு ஆபத்து என்பது. 2018இல் கொங்குப் பகுதியில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்ததை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தச் சாவு எனக்குக் காட்டுவது வேறு. முறையாகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத இடத்தை, பொறுப்பில்லாத யாரோ வந்து நிரப்புகிறார்கள். குழந்தை பிறந்த பின்னான ரத்தப்போக்கு எவ்வளவு வேகத்தில் உயிரைக் குடிக்கும் என்பதைச் சுகாதார நிலையத்தில் தெளிவாகக் கேட்டிருக்கும் பெண், மருத்துவமனை ஏன் வேண்டும் என்பதற்கான காரணத்தையும் கையோடு வைத்திருப்பாள். அரை அறிவுக்கு மாற்று அறியாமை அல்ல, முழு அறிவு.

நான்காவது வாதம் நடைமுறையைப் பற்றியது. ஒரே நாளில் நூறு பேர் வரும் இடத்தில், ஒரு மருத்துவரும் ஓரிரு செவிலியர்களும் இருக்கும் இடத்தில், எப்போது உட்கார்ந்து விளக்குவது? இது நியாயமான கேள்வி. ஆனால் கர்ப்பிணிகள் கூடும் பரிசோதனை நாட்களில், சீட்டு வாங்கிவிட்டு ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் பெஞ்சில் அவர்கள் காத்திருக்கும் நேரம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அரை மணியை ஒரு பயிற்சி பெற்ற செவிலியர் எடுத்துக்கொண்டால் போதும். கூட வந்த அம்மாவும் மாமியாரும் கணவரும் சேர்ந்தே கேட்கட்டும். அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் வளையலும் சாப்பாடும் சீரும் தருகிறோம். அதே மேடையில் பிரசவத்தின் கட்டங்களையும் விளக்கலாம். பிரசவ அறையைக் கர்ப்பிணிகளுக்கு ஒருமுறை சுற்றிக் காட்டலாம். பிரசவ அறையில் பதறிப்போன குடும்பத்தைச் சமாளிக்க இன்று செலவாகும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், இதில் நேரம் மிச்சமே ஆகும்.

கடைசியாக ஓர் ஐயம். இது எனக்கே முக்கியமானது. எல்லாம் தெரிந்துகொண்டு, எல்லாம் சரியாகச் செய்தும், கடைசியில் அறுவை நேர்ந்தால் அந்தத் தாய் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ள மாட்டாளா? நாம் சொல்லும் முறை அவளைத் தேர்வு எழுதவைப்பதாக இருந்தால், ஆம், அப்படித்தான் ஆகும். ஆகவே முதல் பாடத்திலேயே இதையும் சொல்ல வேண்டும். பிரசவம் யாருடைய மன உறுதிக்கும் வைக்கும் பரீட்சை அல்ல. வலி நிவாரணம் கேட்பது கோழைத்தனம் அல்ல. கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. சிசேரியனில் பெற்றவள் குறைந்த தாய் அல்ல. தெரிந்துவைத்திருப்பது இன்னபடிதான் முடியும் என்ற வாக்குறுதியைத் தராது. என்ன நடந்தாலும், அது ஏன் நடந்தது என்பதை அறிந்த மனுஷியாக அவளை வெளியே அனுப்பும். பின்னாளில் மனம் உடையாமல் இருக்க அந்த அறிதல் மிகவும் வேண்டும்.

நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய இயந்திரமோ அல்ல. ஏழாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அவள் துணைக்கும் மூன்று அமர்வுகள். கர்ப்பிணியின் அட்டையில், "பிரசவக் கட்டங்கள் விளக்கப்பட்டன, துணைக்கும் சொல்லப்பட்டது" என்று, ஹீமோகுளோபினுக்கு இருப்பதைப் போலவே ஒரு கட்டம், அது நிரப்பப்பட்டதா என்று கேட்கும் ஒரு மேலதிகாரி. ஒவ்வொரு சிசேரியனுக்கும் முன்பு, அவசர நிலையைத் தவிர, அதற்கான காரணத்தைத் தாய்க்குப் புரியும் தமிழில் சொல்லும் வழக்கம். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே விதி. 99.6 விழுக்காட்டை எட்டிய ஒரு மாநிலத்துக்கு இது எட்டாத வேலை அல்ல. இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மாணவிகள் ஒவ்வொருவரும் வரும் வாரப் பரிசோதனை நாளில் ஒரு கர்ப்பிணியின் அருகில் உட்கார்ந்து, அவள் கேட்காமலே இதைச் சொல்லத் தொடங்கலாம். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.